நான் சீனி என்று சொன்ன வருத்தம்

போன கிழமை கிளிநொச்சிச் சந்தையில் மரக்கறி வாங்கிவிட்டு, கால் உளைந்ததால் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் போய் இருந்தேன். கடைக்காரப் பிள்ளை கரண்டியைச் சீனிப் போத்தலுக்குள் வைத்தபடி, "அம்மா, உங்களுக்குச் சீனி இருக்கோ?" என்று கேட்டாள். எங்கள் பக்கத்தில் இது மரியாதையான கேள்வி. நீரிழிவு வருத்தம் என்று யாரும் சொல்வதில்லை. சீனி என்றால் போதும். தலையில் நரை கண்டால் கேட்டுவிட்டுத்தான் போடுவார்கள். இல்லை, போடுங்கோ என்றேன். போட்டாள். ஆனால் அந்தத் தேத்தண்ணி ஆறும்வரைக்கும் நான் அதை வாயில் வைக்கவில்லை.

அந்தச் சொல்லை ஒரு காலத்தில் நான் இன்னொரு வருத்தத்துக்குப் பெயராக வைத்துப் பாவித்தேன். எச்.ஐ.வி. என்று சொல்ல வெட்கப்பட்டுத்தான்.

நான் சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் படித்தவள். அதிலும் கணக்கு வரவில்லை. யுத்தம் முடிந்து மீளக் குடியேறிச் சில வருடங்களில் அக்கராயன் பக்கம் ஒரு சின்ன நிறுவனம் வேலைக்கு ஆள் எடுத்தது. சைக்கிள் ஓடத் தெரிந்தால் போதும் என்றார்கள். ஓடத் தெரியும், போனேன். போன பிறகுதான் என்ன வேலை என்று தெரிந்தது. எச்.ஐ.வி. பற்றிச் சனத்துக்கு விளங்கப்படுத்த வேண்டும், இரத்தம் சோதிக்கக் கூட்டிக்கொண்டு போகவேண்டும், வருத்தம் இருக்கிறவர்களோடு கிளினிக்குக்குப் போய்வர வேண்டும், தூள், அதுதான் ஹெரோயின், அடிக்கிற பொடியங்களிடம் போய்க் கதைக்கவேண்டும். நானோ, கடையில் சவர்க்காரம் கேட்கவே இரண்டு தரம் யோசிக்கிற ஆள். ஆணுறை போடுகிற விதத்தைக் காட்ட எனக்கு ஒரு மரத்தாலான மாதிரி தந்தார்கள். அதை ஒரு துவாயில் சுற்றிக் கைப்பையின் அடியில் வைத்திருந்தேன். ஒருநாள் என் தம்பியின் மனைவி அதைக் கண்டெடுத்து, தலை உடைந்த மத்தை ஏன் காவித் திரிகிறீர்கள் என்று கேட்டா. ஓம், ஒட்டுவிக்கக் கொண்டுபோகிறேன் என்றேன். பொய் சொல்வது எனக்கு அவ்வளவு இலேசாக வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

எங்களுக்குப் பொறுப்பாக இருந்தவா சாந்தினி அக்கா. ஓய்வுபெற்ற மிட்வைஃப். எந்தச் சொல்லும் அவாவின் வாயில் தடக்காது. சந்தையில் நின்று கத்தரிக்காய் விலை கேட்கிற அதே குரலில் ஆணுறையைப் பற்றியும் கதைப்பா. முதல் நாள் என்னைக் கதிரையில் இருத்தி வைத்துச் சொன்னா:

"பிள்ளை, நீ பொலிஸுமில்லை, கோயில் ஐயருமில்லை. விடு விடு எண்டு சொல்லிக்கொண்டு நிக்காதை. விடுற நாள் வரைக்கும் அவங்கள் உயிரோடை இருக்கோணும். உன்ரை வேலை அது."

பொடியங்கள் இருந்த இடம் குளக்கட்டுக்குக் கீழே, கூரை இல்லாத பழைய நெற்களஞ்சியம். பின்னேரங்களில் ஐந்து பேர் வருவார்கள். பொடியங்கள் என்கிறேன், எல்லோருக்கும் முப்பதுக்குக் கிட்ட. தூளைப் புகைத்துத் தொடங்கியவர்கள், பிறகு ஊசிக்கு மாறியிருந்தார்கள். ஐந்து பேருக்கும் ஒரே ஊசி. எனக்கு முதலில் அது விளங்கவில்லை. ஆளுக்கொன்று வாங்கினால் என்ன என்று கேட்டேன். ஒருவன் என்னைப் பார்த்து, நீங்கள் பங்கருக்குள் இருக்கவில்லையா என்று கேட்டான். இருந்தனான். எல்லோரும்தான் இருந்தோம். ஒரு போத்தல் தண்ணியை ஒன்பது பேர் வாய் வைத்துக் குடித்தோம். ஒரு பிஸ்கட்டை நகத்தால் உடைத்துத் தின்றோம். அப்படி வளர்ந்தவர்களிடம் போய், இது உன்னுடையது, அவனுக்குக் கொடுக்காதே என்று சொன்னால், துரோகம் செய்யச் சொல்வது மாதிரித்தான் அவர்களுக்குக் கேட்கும்.

புது ஊசியை ஒருதரம் மட்டும் பாவிக்கவேண்டும் என்பதுதான் சரியான முறை. அதைச் சொல்லி, ஆளுக்கொன்று வாங்குவித்தேன். அதோடு, மாறிப் போகாமல் இருக்க, என் தையல் பெட்டியில் இருந்த நூல்களைக் கொண்டுபோய் ஐந்து ஊசிக்கும் ஐந்து நிறத்தில் கட்டிக் கொடுத்தேன். அவர்கள் சிரித்தார்கள். மிஸ் எங்களுக்குக் காப்புக் கட்டுறா என்றார்கள். மிஸ் என்று என்னைக் கூப்பிட்டவர்கள் வாழ்க்கையில் அவர்கள் மட்டும்தான். ஆனாலும் சிரித்தபடியே அந்த நிறத்தை மதித்தார்கள்.

சிவப்பு நூல் எடுத்தவன் குகன். ஜெயபுரத்துப் பொடியன். டிப்பரில் மணல் ஏற்றுகிற வேலை. தாய் தகப்பன் இல்லை. தவமணி அக்கா என்று ஒரே ஒரு தமக்கை. அவா கலியாணம் கட்டாமல், இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து இவனை வளர்த்தவா. குகன்தான் முதலில் இரத்தம் சோதிக்க வந்தான். மற்றவர்கள் பார்ப்போம் என்றார்கள். அவனுக்கு எச்.ஐ.வி. இருந்தது. நாங்கள் நூல் கட்டுவதற்கு முதலே வந்துவிட்டது.

யாழ்ப்பாணத்துக் கிளினிக்கில் எல்லாவற்றையும் அமைதியாகச் சொன்னார்கள். ஒவ்வொரு நாளும் விடாமல் மருந்துக் குளிசை போட்டால் மற்றவர்களைப் போல் வாழலாம், விட்டால்தான் ஆபத்து என்றார்கள். திரும்பி வருகையில் பஸ் பூநகரிப் பாலத்தைத் தாண்டியது. குகன், அக்காவுக்கு மட்டும் தெரியக்கூடாது என்றான். தெரியாது என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அப்ப இந்தக் குளிசை என்னத்துக்கு என்று சொல்லுவீர்கள் என்று கேட்டான். எங்களுக்கு முன்னால் இருந்த மனிசன் காதைத் திருப்புவது தெரிந்தது. என் வாயில் வந்தது அதுதான்.

"சீனி எண்டு சொல்லுவம்."

குகன் அன்றைக்கு முதன்முதலாகச் சிரித்தான். "இனிப்பான வருத்தம்தான் தந்திருக்கிறியள் மிஸ்."

பிறகு நான் அந்த வருத்தம் உள்ள எல்லாருக்கும் அந்தப் பெயரையே பாவிக்கத் தொடங்கினேன். தொலைபேசியில் சீனிக் கிளினிக், சீனிக் குளிசை. எனக்கு அது பெரிய ஆறுதல். சாந்தினி அக்கா மட்டும் முகத்தைச் சுளித்தா. பேரை மாத்தினா ஆக்கள் வேறை வைத்தியம் செய்வினம், பார் என்றா. எனக்கு அது அப்போது ஏறவில்லை.

தவமணி அக்கா தம்பிக்குச் சீனி என்று கேட்டு ஒருநாள் அழுதா. அடுத்தநாள் தொடக்கம் வைத்தியத்தில் இறங்கிவிட்டா. விடிய எழும்பிப் பாவற்காய்ச் சாறு, காலையில் குரக்கன் பிட்டு. தேத்தண்ணிக்குச் சீனி இல்லை, பனங்கட்டி கூட இல்லை. அவன் ஏற்கெனவே மெலிந்தவன். சீனிக்கு ஏன் யாழ்ப்பாணம் வரைக்கும் போகவேண்டும், இங்கே ஆஸ்பத்திரியில் மருந்து இல்லையா என்று என்னிடம் கேட்டா. இது வேறு மாதிரிச் சீனி அக்கா என்றேன்.

ஏழெட்டு மாதம் அப்படிப் போனது. குகன் தேறிவந்தான். ஊசியையும் குறைத்திருந்தான். நான் என்னை மெச்சிக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஒரு காலமை தவமணி அக்கா ஸ்கந்தபுரத்தில் எங்கள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தா. நெற்றியில் திருநீறு. கையில் மூடிய சட்டி. சர்க்கரைப் பொங்கல். பிள்ளையாருக்குப் பொங்கிவிட்டு நேரே வருகிறேன் என்றா. விசயம் என்னவென்றால், அவர்களின் பொதுநோக்கு மண்டபத்தில் யாரோ வந்து சீனி சோதித்திருக்கிறார்கள். இவா குகனையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறா. விரலில் குத்திப் பார்த்து, இவருக்குச் சீனி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

"மாறீட்டுது தங்கச்சி. முற்றா மாறீட்டுது. சாப்பிடுங்கோ."

நான் கைநீட்டி வாங்கினேன். குளிசை எங்கே என்று கேட்டேன். சீனி இல்லாதவன் சீனிக் குளிசை போட்டால் மயங்கி விழுந்து சாவான் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். அவர்கள் வீட்டில் ஒருவருக்கு அப்படி நடந்ததாம். அதனால் எல்லாக் குளிசையையும் கிணற்றடி வாழைக்குள் கிடங்கு கிண்டித் தாட்டுவிட்டாவாம். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தா. தம்பியைக் காப்பாற்றித் தந்தவள் என்று என்னைப் பார்க்கிற பார்வை.

எனக்கு அந்த இடத்தில் எத்தனையோ சொல்ல இருந்தது. சோதனை பிழையாகவும் வரும் அக்கா, குளிசையை மட்டும் விடவேண்டாம் என்று இரகசியத்தை உடைக்காமலே சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "சந்தோசம் அக்கா." பொங்கல் நல்ல பதம். முந்திரிகை வற்றல் போட்டிருந்தா. முழுவதையும் சாப்பிட்டேன்.

அடுத்தநாள் குகனைத் தேடிப் போனேன். ஆள் இல்லை. வவுனியாவுக்கு வேலைக்குப் போய்விட்டான் என்றார்கள். தொலைபேசி வேலை செய்யவில்லை. சாந்தினி அக்கா தெரிந்தவர்கள் எல்லோரிடமும் சொல்லிவைத்தா. என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாரி முடிந்து அவன் திரும்பி வந்தபோது இருமிக்கொண்டு வந்தான். நெஞ்சில் காசம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவனைப் பார்த்தபோது, டிப்பரில் மணல் ஏற்றிய கை அது என்று நம்ப முடியவில்லை. ஏன் குகன், உங்களுக்குத் தெரியும்தானே என்று கேட்டேன். கூரையைப் பார்த்தபடி சொன்னான்.

"எல்லாரும் இல்லை எண்டு சொல்லேக்கை, நானும் ஒருக்கா நம்பிப் பாத்தனான் மிஸ்."

அன்றைக்குத்தான் அவன் சத்தியத்தை எனக்குத் திருப்பித் தந்தான். அக்காவுக்குச் சொல்லுங்கோ, பொடியங்களுக்கும் சொல்லுங்கோ, அவங்களும் சோதிக்கட்டும் என்றான்.

தவமணி அக்காவை ஆஸ்பத்திரி வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எச்.ஐ.வி. என்ற சொல்லை அவாவின் முகத்துக்கு நேரே சொன்னேன். அது ஊசியால் வந்தது என்பதையும், பொடியங்களுக்கும் சொல்லச் சொன்னான் என்பதையும், சீனி என்பது நான் வைத்த பெயர் என்பதையும் சொன்னேன். அவா என்னை அடிப்பா என்று நினைத்தேன். அவா கேட்டது இவ்வளவுதான்:

"அப்ப அவன் சீனி சாப்பிட்டிருக்கலாமோ?"

ஓம் என்றேன்.

"பாயாசம் கேட்டவன். எத்தினை தரம் கேட்டவன். நான் குடுக்கேல்லை."

மருந்து திரும்பத் தொடங்கினார்கள். உடம்பு அதைத் தாங்கவில்லை. மூன்றாம் கிழமை குகன் போய்விட்டான்.

பொடியங்களுக்கு நான் சொல்லவில்லை. செத்தவீட்டில் சொல்வோம் என்று போனேன், முடியவில்லை. பிறகு களஞ்சியத்தடிக்குப் போனேன், நால்வரும் தலைகுனிந்து இருந்தார்கள், திரும்பி வந்துவிட்டேன். எட்டாம் நாள் படையலுக்கு அவர்களும் வந்தார்கள். செத்தவருக்கு விருப்பமானதைச் சமைத்துப் படைப்பதுதான் வழக்கம். தவமணி அக்கா பாயாசம், பயற்றம் பணியாரம், மோதகம், கதலி வாழைப்பழம் என்று இனிப்பாகவே படைத்திருந்தா. இலை போட்டு நால்வரையும் இருத்தினா. அயலவர்களும் இருந்தார்கள். பாயாசச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஒருதரம் பார்த்தா. நான் தண்ணிச் செம்பை எடுத்து இலைகளுக்குத் தெளிக்கத் தொடங்கினேன். அவா அவர்கள் பக்கம் திரும்பினா.

"தம்பியவை, இவனுக்கு வந்தது சீனி இல்லை. எச்.ஐ.வி. ஊசியாலை வந்தது. நீங்கள் நாலுபேரும் அவனோடை ஒண்டாப் போட்டனீங்கள். நாளைக்கு இந்த மிஸ்ஸோடை போய் இரத்தம் குடுங்கோ. போறன் எண்டு சொல்லிப்போட்டுச் சாப்பிடுங்கோ."

அயலவர்களில் சிலர் இலையை மடிக்காமலே எழும்பிப் போனார்கள். பொடியங்களில் இரண்டு பேர் எழும்பினார்கள். மற்ற இரண்டு பேர், போறம் அக்கா என்று சொல்லிச் சாப்பிட்டார்கள். நான் பரிமாறினேன். அதையாவது செய்தேன்.

மறுநாள் பஸ் தரிப்பிடத்தில் மூன்று பேர் நின்றார்கள். எழும்பிப் போன இருவரில் ஒருவனும் வந்திருந்தான். அந்த மூவரில் ஒருவனுக்கு வருத்தம் இருந்தது. அவன் அன்றே குளிசை தொடங்கினான். இன்றைக்கும் போடுகிறான். கலியாணம் கட்டி, பிள்ளைக்கும் மனைவிக்கும் ஒன்றும் இல்லாமல் நன்றாக இருக்கிறான். வராத நாலாமவனுக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது.

தவமணி அக்காவின் இடியப்பத்தை அந்தக் கிழமையே கடைகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டன. ஒரு கடைக்காரர் மட்டும், சனம் வாங்குதில்லைப் பிள்ளை என்று கவலைப்பட்டுச் சொன்னாராம். இடியப்பத்தால் அந்த வருத்தம் வராது என்று நான் கடை கடையாகப் போய்ச் சொன்னேன். ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டார்கள். சில மாதத்தில் அவா வீட்டைப் பூட்டிக்கொண்டு வவுனியாப் பக்கம் போய்விட்டா. என்னிடம் சொல்லவில்லை.

எங்கள் திட்டமும் முடிந்துபோனது. அலுவலகம் இருந்த வீட்டில் இப்போது ஒருவர் தொலைபேசி திருத்துகிறார். சாந்தினி அக்கா மகளோடு கனடாவில். நெற்களஞ்சியத்தை இடித்துவிட்டார்கள். தூள் மட்டும் குறையவில்லை. இப்போது பொடியங்கள் ஓரிடத்தில் கூடுவதில்லை. சாமான் வீடு தேடி வருகிறதாம், கதவைப் பூட்டிக்கொண்டு தனித்தனியாகப் போடுகிறார்களாம். சைக்கிளை எடுத்துக்கொண்டு யாராவது போகலாம் என்றாலும், எந்தப் படலையில் நின்று கூப்பிடுவது?

இந்த வருடம் ஜெயபுரத்தில் ஒரு கலியாணத்துக்குப் போனபோது, கால் தன்பாட்டில் அந்த ஒழுங்கைக்குள் திரும்பியது. வீட்டைக் காணவில்லை. காணி முழுக்கக் கச்சான் கடலை போட்டிருந்தார்கள். புது வேலி. உள்ளே ஒரு பெண் மண்வெட்டியோடு நின்றா. முந்தி இங்கே இருந்தவர்களைத் தெரியுமா என்று கேட்டேன்.

"எங்களுக்குத் தெரியாது. ஆரோ எயிட்ஸ்காரற்றை வீடாம்."

"தவமணி எண்டு ஒரு அக்கா இருந்தவா," என்றேன். "நாலு பொடியங்களைக் கூப்பிட்டு வைச்சு நேரை சொன்னவா. அதாலை ஒருத்தன் உயிரோடை இருக்கிறான்."

எனக்கே என் குரல் பெரிதாகக் கேட்டது. அந்தப் பெண், அப்பிடியோ என்றா. பிறகு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, அடுத்த பாத்திக்குத் தண்ணி திருப்பப் போய்விட்டா.