பதினோராம் கட்டிலும் முருங்கையிலை வறையும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆஸ்பத்திரி வாட்டில் வேலை செய்த காலம் முழுக்க அதால் கெட்ட பெயர்தான். ஆனால் ஒருதரம் வாயை விட என் கையெழுத்துத்தான் கூடக் கெடுதல் செய்யப் பார்த்தது. புதிதாக வேலைக்கு வரும் நேர்ஸ்பிள்ளைகளுக்காக அதை எழுதுகிறேன்.

1991, தவக்காலத்து வெள்ளிக்கிழமை. காலை ஒன்பது மணிக்குப் பதினோராம் கட்டில் சவிரிமுத்து அண்ணை தெப்பமாக வேர்த்து, நினைவில்லாமல் கிடந்தார். குருநகரில் கடற்தொழில் செய்பவர்; பதினைந்து வருசமாகச் சீனி வருத்தம். ஏழு மணிக்கு இன்சுலின் போட்டு, பிறகு காலைச் சாப்பாடாகப் பாண் கொடுத்திருந்தோம். இரத்தத்தில் சீனி நன்றாக இறங்கிவிட்டது. அந்த ஒரு கிழமைக்குள் அது மூன்றாம் தடவை. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றி ஆளை எழுப்பினோம்.

கண் திறந்த கையோடு நான் தொடங்கிவிட்டேன்.

"ஒருசந்தி விரதம் எண்டு பாணை ஒளிச்சு வைக்கிறீங்களோ அண்ணை?"

"மாதாவாணை சாப்பிட்டனான் மிஸி. வயித்துக்கை ஏதோ நிக்குது. திரும்பிப் படுத்தால் வள்ளத்துக்கை தண்ணி அலம்புற மாதிரிக் கேக்குது."

"சும்மா கதை விடாதேங்கோ."

தலையணைக்குக் கீழேயும் லொக்கருக்குள்ளேயும் தேடினேன். ஒன்றுமில்லை. அப்படியும் என் மனம் ஆறவில்லை. வெள்ளி தவறாமல் விரதம் பிடிக்கிறவள் நான். வருத்தக்காரர் ஒளித்துப் பட்டினி கிடப்பது எனக்குத் தெரியாதா? நோயாளியின் விபரம் எழுதும் கட்டில் டிக்கெற்றில் 'நோயாளி உணவு உண்பதில்லை' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

டொக்டர் அதை வாசித்தார். "சாப்பிடாத ஆளுக்கு இந்த ஊசியே எமன். நாளைக்கும் இப்பிடியெண்டால் இன்சுலினை நிப்பாட்ட வேண்டியதுதான்."

சவிரிமுத்து அண்ணையின் மனைவி பிலோமினா அக்கா கதவடியில் நின்று அழுதா. இன்சுலின் இல்லாவிட்டால் ஆள் அதிக நாள் தாங்காது என்று அவவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மத்தியானம் அவ கொண்டுவந்த சோற்றையும் தேங்காய்ப்பூப் போட்டு வறுத்த முருங்கையிலை வறையையும் நானே பக்கத்தில் நின்று, கடைசி வாய் வரை தீத்திவிட்டேன். இனி எப்படி ஏமாற்றுவார் பார்ப்போம் என்று எனக்குள் ஒரு வீம்பு.

அடுத்த நாள் விடிய, ஊசி போடமுன், சத்தி எடுத்தார். பேசினைப் பிடித்தது நான்தான். இரவு குடித்த கஞ்சியோடு நேற்று மத்தியான முருங்கையிலை இலை இலையாகக் கிடந்தது.

ஊசியைப் போடாமல் தட்டில் வைத்துவிட்டு டொக்டரிடம் ஓடினேன். "நான் எழுதினது பிழை டொக்டர். அவர் சாப்பிட்டவர். சாப்பாடு இறங்கேல்லை."

டொக்டர் அண்ணையின் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, இடுப்பை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். பிறகு குழாயை என் காதில் மாட்டி, திரும்பவும் உலுக்கினார். களக் களக் என்றது. வள்ளத்துத் தண்ணீரேதான். அண்ணை சொன்னபோது நான் காது கொடுக்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

"கன காலச் சீனி இரைப்பை நரம்பைப் பழுதாக்கியிருக்கும், மிஸி. ஊசி நேரத்துக்கு வேலை செய்யுது, சாப்பாடு இரைப்பையை விட்டுப் போகேல்லை. அடைப்போ எண்டும் பாக்கவேணும்."

சண்டையால் கரண்ட் இல்லாத காலம். ஜெனரேற்றர் ஓடும் நேரம் பார்த்து, காயக்காரருக்கென்று வைத்திருந்த எக்ஸ்ரே பிலிமில் இரண்டைக் கெஞ்சி வாங்கி, பேரியம் குடிக்கவைத்துப் படம் எடுத்தார்கள். அடைப்பு இல்லை. ஆனால் நாலு மணித்தியாலம் கழித்தும் குடித்த பேரியத்தில் முக்கால்வாசி இரைப்பையிலேயே நின்றது.

அதற்குப் பிறகு சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன் இரைப்பையை அசைக்க ஒரு குளிசை, ஒரு நாளில் ஆறு தரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கஞ்சி, ஊசியின் அளவும் நேரமும் மாற்றம். சவிரிமுத்து அண்ணை பிறகு மயங்கவில்லை. டிக்கெற்றில் என் வரியை நானே வெட்டிக் கையெழுத்து வைத்தேன்.

பெரிய வெள்ளிக்கு முந்தி வீட்டுக்குப் போனார். போகும்போது கிட்ட வந்து கேட்டார்.

"கோவிக்காதேங்கோ மிஸி. அண்டைக்கு நீங்கள் ஏதும் சாப்பிட்டனீங்களோ?"

அது என் விரத வெள்ளி. அன்று பொழுதுபட்ட பிறகுதான் சாப்பிட்டேன்.

"சோறு தீத்தேக்கை உங்கடை கை நடுங்கினது. நான் ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை."

ஓய்வு பெறும் வரைக்கும், சாப்பிட்டேன் என்று நோயாளி சொன்னால் அதை அப்படியே எழுதினேன். வெள்ளிக்கிழமை டியூற்றி என்றால் விரதத்தை விட்டுவிட்டு, இரண்டு இடியப்பம் சாப்பிட்டுவிட்டுப் போனேன்.