நிலைப்படிக்கு வெளியே நின்ற பிள்ளை

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் விறகைத் தலையில் சுமந்து விற்று, பிறகு மாட்டுவண்டி வாங்கி, போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டுக்கு அரிசி ஏற்றிப்போய் விறகோடு மலையிறங்கி, யுத்த காலத்தில் சொந்தமாக விறகு டிப்போ போட்டேன். ஒருத்தரும் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை. திருவனந்தபுரத்தில் பாதி வீட்டு அடுப்பு என் விறகில்தான் எரிந்தது என்றால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பெருமைக்காகவும்தான் சொல்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளையின் வழக்கில் நான் போய் நின்றதற்கும் இந்த விறகுதான் காரணம்.

ஸ்ரீவராகத்துக்குப் பக்கத்தில் ஒரு தெரு. அதில் ஒரு பெரிய வீடு. சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர் வீட்டுக்காரர். கொல்லைப்புறமாக விறகு இறக்கப் போனபோது, மாட்டுத்தொழுவத்தில் சாக்கின் மேல் ஒரு பெண்பிள்ளை கிடந்தது. எட்டு வயது இருக்கும். உடம்பு கொதித்தது. வலது பாதம் வெந்து, சீழ் வைத்து, ஈ மொய்த்தது.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "அதுக்கு ஒண்ணுமில்லே. நீ விறகை இறக்கிட்டுப் போ" என்றார்.

விறகை இறக்கவில்லை. பிள்ளையைத் தூக்கி வண்டியில் போட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். "விறகுக்காரப் பயலுக்கு என்னடா இவ்வளவு திமிரு!" என்று பின்னால் கத்தினார். இருந்தது. இப்போதும் இருக்கிறது.

போனக்காட்டு எஸ்டேட் கூலி லயத்துப் பிள்ளை அது. அப்பனும் ஆத்தாளும் மலைக்காய்ச்சலில் போய்விட, கங்காணி கீழே கொண்டுவந்து இந்த வீட்டில் வேலைக்கு விட்டிருந்தான். ஆஸ்பத்திரிக்காரர்கள் போலீசுக்குச் சொல்ல, காரியம் கோர்ட்டுக்கு வந்தது. வீட்டுக்காரர் பிள்ளையைத் திருப்பிக் கேட்டார். கொடுப்பதா, கூடாதா என்பதைத்தான் மாஜிஸ்திரேட் தீர்மானிக்க வேண்டும்.

சின்னப் பிள்ளைகளின் வழக்கை அவர் கூண்டு வைத்த பெரிய கூடத்தில் எடுக்கமாட்டார். பின்னறையில், கறுப்புக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு உட்காருவார். வேடிக்கை பார்க்க ஒரு ஆளையும் விடமாட்டார். போலீஸ்காரன்கூடத் தொப்பியைக் கழற்றிவிட்டு வெளியே நிற்க வேண்டும். அவர் மலையாளி; பிள்ளைக்கோ லயத்துத் தமிழ் மட்டும்தான். அதனால் சாட்சியும் நான், பேச்சை மாற்றிச் சொல்கிறவனும் நான்.

வீட்டுக்காரர் முதலில் பேசினார்.

"பெத்த மகளாட்டம் வச்சிருக்கேன் சாரே. கூடம், அடுக்களை எல்லாம் அவளுக்கு ஒண்ணுதான். ஓடியாடி வெளையாடுறப்போ அடுப்புத் தணலை மிதிச்சுட்டா. இவனுக்கு என் மேல ஒரு பகை, கதை கட்டுறான்."

மாஜிஸ்திரேட் தலையாட்டினார். கடுதாசி படிக்கத் தெரிந்தவன் சொல்லுக்கு உள்ள மதிப்பு விறகுக்காரன் சொல்லுக்குக் கிடையாது என்பதை ஊரில் யார் எனக்குச் சொல்லித்தர வேண்டும்?

பிள்ளையைக் கூப்பிட்டார்கள். கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு வராந்தா வரைக்கும் வந்தது. நிலைப்படிக்கு முன்னால் நின்றுவிட்டது.

"வா மோளே, பேடிக்கண்டா" என்றார் மாஜிஸ்திரேட்.

"பயப்படாதே தாயி, வா" என்றேன் நான்.

அசையவில்லை. கோர்ட்டுச் சேவகன் முதுகில் கைவைத்து நெட்டித் தள்ளினான். பிள்ளை இரண்டு கையாலும் தூணைக் கட்டிக்கொண்டது.

"பாத்தீங்களா, சொன்ன பேச்சு கேக்காத காட்டுப்பிள்ளை. இதை வச்சுத்தான் நான் படுறேன்" என்று வீட்டுக்காரர் சிரித்தார்.

நான் வெளியே போய்ப் பக்கத்தில் குந்தினேன். "ஏன் தாயி வரமாட்டேங்கிறே?"

"நான் உள்ள வரப்படாது சாமி. தீட்டு."

"யாரு சொன்னா?"

"வீட்டுல. பசிக்குதுன்னு ஒருக்கா அடுக்களைப் படியில காலை வச்சேன். வச்ச காலுல கரண்டியைக் காய்ச்சி இழுத்துட்டாங்க."

கோயில் நடையே எல்லாச் சாதிக்காரர்களுக்கும் திறந்து சில வருஷம் ஆகியிருந்த காலம் அது. வீட்டு நடை திறக்கவில்லை.

ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் மலையாளத்தில் சொன்னேன். வக்கீல்கூட அத்தனை சுத்தமாகச் சொல்லியிருக்க முடியாது. வீட்டுக்காரர் துள்ளி எழுந்தார். "எல்லாம் இவன் சொல்லிக்கொடுத்தது!"

மாஜிஸ்திரேட் தூணைக் கட்டியிருந்த கைகளையே பார்த்தார். அவருக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: "இந்த நில்ப்பும் இவன் சொல்லிக்கொடுத்ததோ? என்னோட படியில காலு வைக்காத்த குட்டி, உங்க அடுக்களையில ஓடி வெளையாடிச்சு, அல்லே?"

மாஜிஸ்திரேட் தாமே எழுந்து படியைத் தாண்டி வந்து, வராந்தாத் தரையில் உட்கார்ந்தார். தீட்டுப் பட்டுவிடுமென்று பிள்ளை பின்னால் நகர்ந்தது. அது நிற்கும்வரை காத்திருந்து, அங்கேயே மீதியைக் கேட்டார். பிள்ளையை அந்த வீட்டுக்கு அனுப்பக் கூடாது, அநாதைப் பிள்ளைகள் விடுதியில் சேர்க்க வேண்டும் என்று எழுதினார்.

சூடு வைத்த வழக்கு வேறு கோர்ட்டில் கண்ணால் பார்த்த சாட்சி இல்லாமல் கரைந்தது. அடுத்த உற்சவத்திலும் அந்த மனுஷர் சரிகை வேட்டியோடு முன்வரிசையில்தான் நின்றார். அந்தத் தெருவே என்னிடம் விறகு வாங்குவதை நிறுத்தியது. போகட்டும், எனக்கு வேறு தெரு இல்லையா?

மாஜிஸ்திரேட் எழுதிக்கொடுத்த அன்று சாயங்காலமே போலீஸ்காரனோடு பிள்ளையை என் வண்டியில் விடுதிக்குக் கொண்டுபோனேன். நல்ல மழை. வழியில் ஒன்றுதான் கேட்டது: "மாட்டுக்கு யாரு சாமி தண்ணி காட்டுவாங்க?"

விடுதி வாசலிலும் நின்றுவிட்டது. புது வீட்டுக்குள் போகிறவர்களுக்கு நம்மவர்கள் எல்லோரும் சொல்வதை நானும் சொன்னேன். வாயில் தானாக வந்தது.

"வலது காலை எடுத்து வச்சு உள்ள போ, தாயி."

பிள்ளை குனிந்து, வலது காலில் நனைந்துபோன கட்டுத்துணியைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது.

"இந்தக் காலையா சாமி?"

அந்தக் காலை மற்றதன் பின்னால் மறைத்துக்கொண்டு மழையிலேயே உட்கார்ந்துவிட்டது. விடுதியம்மா ஓடிவந்து, ஒன்றும் கேட்காமல், இடுப்பில் தூக்கி உள்ளே கொண்டுபோனார். இரண்டு காலும் படியில் படவில்லை.

என் வீட்டுக்கு மூன்று மருமகள்கள் வந்தார்கள். வாசலில் சொல்ல வேண்டியதை மூன்று தடவையும் வேறு யாரோதான் சொன்னார்கள். பெரிய மனுஷனாக முன்னால் நிற்க வேண்டிய நான், டிப்போவில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தேன்.