கழுதைக்குக் காவல்

சிதம்பரம் பேருந்து நிலைய வாசலில் ஐந்து மாதக் குழந்தையோடு நிற்கிறேன். கழுதைப்பால் விற்கும் அம்மா என் மகளைப் பார்த்துவிட்டு, கழுதையையும் அதன் குட்டியையும் ஓட்டிக்கொண்டு நேராக வருகிறார். "ஒரு சங்கு குடும்மா, சளி கட்டாது."

ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும்தான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மறுக்க வாயெடுக்கும்போது கழுதையின் முன்னங்கால் கண்ணில் படுகிறது. கட்டுக்கயிறு அறுத்த இடத்தில் சீழ், மேலே ஈக்கள். தள்ளிப் போய், கழுதைகளை மீட்கும் குழு ஒன்றைக் கைபேசியில் தேடி அழைக்கிறேன். குறிஞ்சிப்பாடியிலிருந்து வர ஒரு மணி நேரம் ஆகுமாம். அதுவரை கழுதையைப் போகவிடக் கூடாதாம். வேறு வழி தெரியாமல், பால் கறக்கச் சொல்கிறேன்.

அவர் சங்கை நீட்டியதும் பொய் சொல்ல முடியவில்லை. "குழந்தைக்கு வேணாம்மா. கழுதைக் காலுக்கு மருந்து போட ஆள் வராங்க."

"அதுக்குத்தான் நிக்க வெச்சியா? மாட்டாஸ்பத்திரிக்கு மூணு வாட்டி ஓட்டிக்கினு போனேன். கழுதைக்கெல்லாம் பாக்கறதில்லன்னு தொரத்திட்டாங்க. வர்றவுங்க இத புடிச்சிக்கினு போயிட மாட்டாங்களே?"

அதைக் குழுவிடம் நான் கேட்கவே இல்லை. மறுபடி அழைத்தால் லைன் பிசி.

"தெரியாதா? நல்லா படிச்ச போ!" சங்குப் பாலைக் கழுதைக்குட்டியின் வாயில் ஊற்றுகிறார். "நீ பஸ் ஏறிப் போயிட்டா நான் யாரப் போயி கேக்கறது?"

கழுதையின் கயிற்றை என் மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றிவிட்டு, டீ குடிக்கப் போகிறார்.