பந்து கீழே உருளாத மைதானம்

அக்கா கர்த்தருக்குள் இளைப்பாறி ஓராண்டு நிறைகிறது. இன்றைய நினைவு ஆராதனைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலருக்கு அவர் 'பி.டி. மிஸ்'. சபையாருக்குப் பெரியக்கா. என் மனைவிக்கு அண்ணி. எனக்கோ, எட்டு வயதிலிருந்து சோறு பிசைந்து கொடுத்தவர். கட்டுரை எழுதிப் பழக்கமில்லாத நான் இதை எழுத உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அது அதற்குரிய இடத்தில் வரும்.

அக்கா பிறந்தது ஜோகுபாளையத்தில். அப்பா மாநிலப் பொதுப்பணித் துறையில் எழுத்தர். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம் என்று வளர்ந்தோம். அக்கா மூத்தவர். பதினொரு ஆண்டுகள் கழித்துப் பிறந்தவன் நான். இடையில் பிறந்த இருவர் தங்கவில்லை.

கல்லூரியில் அக்கா எண்ணூறு மீட்டர் ஓடினார். மாநில அணிக்கான பயிற்சி முகாமுக்கு அவரைத் தேர்ந்தெடுத்த அதே மாதம் அம்மா மூளைக் காய்ச்சலில் இறந்துபோனார். அக்கா முகாமுக்குப் போகவில்லை. வளர்ந்த பிறகு அதைப் பற்றி ஒரே ஒரு முறை கேட்டேன். "போயிருந்தாலும் அஞ்சாவதாதான் வந்திருப்பேன். என் டைமிங் எனக்குத் தெரியாதா?" என்றார். அது உண்மையா, என் மனம் நோகக் கூடாதென்று சொன்னதா, இன்றும் எனக்குத் தெரியாது.

உடற்கல்விப் பயிற்சி முடித்து, கண்டோன்மெண்ட் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. ஆசிரியையாகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். அந்தப் பள்ளியின் மைதானம் நான்கு கார் நிறுத்தினால் நிரம்பிவிடும். அதனால் விடியற்காலையில் மாணவிகளைத் தெருவில் ஓடவிட்டு, பின்னாலேயே சைக்கிளில் விசில் ஊதிக்கொண்டு போவார். பால்காரர்கள் ஒதுங்கி நிற்பார்கள்.

இரண்டு வரன்கள் வந்தன. ஒருவர் வேலையை விடச் சொன்னார். இன்னொருவர் என்னை ஹாஸ்டலில் சேர்க்கச் சொன்னார். இருவருக்கும் ஒரே பதில்தான் போனது. எனக்குத் திருமணமாகி லிங்கராஜபுரத்தில் வீடு எடுத்தபோது மாடியறையில் அக்கா குடிவந்தார். கடைசிவரை அங்கேதான் இருந்தார்.

இனி அந்தப் பயணத்தைப் பற்றி.

எங்கள் சபையைச் சேர்ந்த ஆறு குடும்பங்கள் தசரா விடுமுறையில் பிள்ளைகளோடு இலங்கை மலைநாட்டுக்குப் போய், ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கு விளையாட்டு மைதானம் கட்டிக் கொடுப்பது என்று முடிவானது. சபை நண்பர் செல்வின் கட்டட நிறுவனத்தில் வேலை செய்பவர். வரைபடத்தை அவர் போட்டார். இரண்டு ஊஞ்சல், சறுக்குமரம், சீ-சா பலகை, குடை ராட்டினம் எல்லாம் அதில் இருந்தன. ஒருங்கிணைப்பு என் பொறுப்பு. அக்கா ஓய்வு பெற்று ஓராண்டு ஆகியிருந்தது. "நானும் வரேன்டா" என்றார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கொழும்பிலிருந்து வேனில் ஏறக்குறைய ஒரு பகல் முழுதும் மலையேறிப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் நின்ற இளம் ஆசிரியை, "அதிபர் இப்ப வந்துருவாரு, இருங்க" என்றார். என் மகன் மிரண்டுபோய், "அப்பா, பிரசிடெண்டா வராரு?" என்று கேட்டான். செல்வின் அவசரமாகச் சட்டையை உள்ளே செருகிக்கொண்டார். குடை பிடித்துக்கொண்டு ஒல்லியாக ஒருவர் வந்தார். அவர் அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர். அந்த நாட்டில் தலைமையாசிரியரைத்தான் அதிபர் என்கிறார்கள். அக்கா சிரித்த சிரிப்பில் அங்கிருந்த ஆசிரியைகள் எல்லாரும் அவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

மைதானம் என்பது மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திய ஒரு துண்டு நிலம். ஒரு பக்கம் வகுப்பறைகள். எதிர்ப்பக்கம் விளிம்பு. விளிம்புக்குக் கீழே செங்குத்தாகத் தேயிலை. நாங்கள் சொல்லி வைத்திருந்த இரும்புக் குழாய்கள் ஏற்கெனவே வந்து இறங்கியிருந்தன.

மறுநாள் இடைவேளையில் நாங்கள் கயிறு பிடித்து அளந்துகொண்டிருந்தபோது, அக்கா வகுப்பறைப் படியில் உட்கார்ந்து பிள்ளைகள் விளையாடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பையன்கள் பந்து உதைத்தார்கள். பெண்பிள்ளைகள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். தர்ஷினி என்று ஏழாம் வகுப்புப் பெண். அவளைக் கூப்பிட்டு, "நீங்கள்லாம் ஏம்மா ஆடல?" என்று கேட்டிருக்கிறார்.

"பந்து கீழ போயிட்டா தேயிலைக்குள்ள எறங்கித்தான் எடுக்கணும் டீச்சர். அட்டை கடிக்கும். எடுத்துட்டு வர்றதுக்குள்ள மணி அடிச்சிருவாங்க. நாங்க பந்தத் தவற விட்டுருவோம்னு எங்களச் சேக்க மாட்டாங்க."

"ஊஞ்சல் வேணுமா?"

"சின்னப் புள்ளைகளுக்கு நல்லாருக்கும். எங்களுக்கு ஓட எடம் இருந்தா போதும் டீச்சர்."

அன்று மாலை மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் ஒரு வகுப்பறையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். அக்கா தர்ஷினி சொன்னதைச் சொல்லிவிட்டு, "செல்வின், ஊஞ்சல நடுவுல நட்டா இருக்கற ஒரே எடமும் போயிடும்பா. மொதல்ல அந்த ஓரத்துல வேலி போடுங்க. வந்திருக்கற பைப்பு அதுக்கே ஆவும்" என்றார்.

செல்வினின் மனைவி ஹெப்சி தயங்கித் தயங்கிச் சொன்னார். "அக்கா, ஊஞ்சல், சறுக்குமரம்னு சபையில படம் காட்டிட்டுத்தானே வந்தோம்? திரும்பிப் போய் வேலியக் காட்டினா என்ன நெனைப்பாங்க?"

எனக்குக் களைப்பு. ஒருங்கிணைப்பாளன் என்ற மிதப்பும் இருந்தது. ஆறு குடும்பங்களும் கேட்டுக்கொண்டிருக்க, நான் சொன்னது இது: "அக்கா, நீ வந்தது பசங்களப் பாத்துக்க. பிளான் எங்க வேலை. உன் ஸ்கூல்ல விசில் ஊதற மாதிரி இங்கயும் ஊதாத."

அக்கா மீதித் தேநீரைக் குடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, தன் அறைக்குப் போனார். என் மனைவி அன்று என்னோடு பேசவில்லை.

காலையில் அக்கா எதுவும் நடக்காததுபோல் வந்தார். எங்கள் பிள்ளைகளையும் பள்ளிப் பிள்ளைகளையும் கலந்து இரண்டு அணியாகப் பிரித்தார். இரண்டு அணியிலும் பாதிப் பேர் பெண்கள். பிறகு என்னைப் பார்த்து, "நீ அந்த ஓரத்துல நில்லு. பந்து போனா நீதான் எடுக்கணும்" என்றார். அத்தனை பிள்ளைகளின் முன்னால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

ஆட்டம் தொடங்கிய உடனே பந்து விளிம்பைத் தாண்டியது. தேயிலைச் செடிகளைப் பிடித்துக்கொண்டு சறுக்கி இறங்கி எடுத்து வந்தேன். மூச்சு வாங்குவதற்குள் மறுபடி போனது. மறுபடி இறங்கினேன். முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு சலித்துப்போய் உட்கார்ந்துவிட்டார்கள். மணி அடித்தபோது, பந்து ஆட்டத்தில் இருந்த நேரத்தைவிட என் கையில் இருந்த நேரம் அதிகம் என்பது எனக்கே தெரிந்தது. காலுறை முழுக்க ரத்தம். அட்டையைப் பிய்க்கப் போன என் கையைத் தர்ஷினி தடுத்தாள். "பிச்சு எடுக்காதீங்க சேர், உப்பு வச்சா தானா விழுந்துரும்."

அக்கா அருகில் வந்து பார்த்தார். பந்தை வாங்கிக்கொண்டு போனார்.

நான் நேராக அதிபரிடம் போனேன். "சார், இது உங்களுக்குத் தெரியாதா? ஏன் மொதல்லயே சொல்லல?" என்று கேட்டேன்.

அவர் குடையை மடக்கினார். "உதவி செய்ய வாறவங்ககிட்ட இது வேணாம், அது குடுங்கன்னு எப்படிங்க சொல்றது? போன தடவை வந்தவங்க சுவத்துல யானை, சிங்கம் எல்லாம் வரைஞ்சு குடுத்துட்டுப் போனாங்க. அழகாத்தான் இருக்கு" என்றார்.

செல்வினிடம் போய், அக்கா சொன்னபடியே செய்வோம் என்றேன். அவருக்கு உடனே சமாதானம் ஆகவில்லை. போட்ட வரைபடத்தை மாற்றுவது அவருக்கும் எளிதல்ல. காகிதத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்து, "பைப்பு ஒயரம் போதும். வலை மட்டும் வாங்கணும். சின்னப் பசங்களுக்கு ஒரே ஒரு ஊஞ்சல் செவுத்தோரமா போட்டுக்கலாம்" என்றார்.

அதன் பிறகு குழி தோண்டுவதும் கல் சுமப்பதும்தான். பிற்பகல்தோறும் மழை வந்து குழிகளை நிரப்பும். காலையில் வாளியால் இறைத்துவிட்டுத் தொடங்குவோம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளின் பெற்றோர் வந்தார்கள். வாரம் முழுதும் கொழுந்து பறித்த பெண்கள், விளிம்பில் அடுக்கக் கல் சுமந்தார்கள். எங்கள் கைகள் எல்லாம் கணினி தட்டிய கைகள். இரண்டாம் நாளே கொப்புளம் வந்துவிட்டது. அக்காவுக்கு முழங்கால் வலி. நாற்காலி போட்டு உட்கார்ந்து, சுண்ணாம்புக் கோடு எங்கே நேராக இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொன்ன இடத்தில் எல்லாம் கோடு கோணலாகத்தான் இருந்தது.

கிளம்பும் நாளன்று ஆட்டம் வைத்தோம். தர்ஷினியின் அணியில் யாரோ ஓங்கி உதைத்த பந்து வலையில் மோதித் திரும்பி வந்தது. பிள்ளைகள் கோல் போட்டதுபோல் கத்தினார்கள். ஹெப்சி அதைப் படம் எடுத்துக்கொண்டார். திரும்பி வந்த பிறகு சபையில் அந்த வேலியின் படத்தைக் காட்டி, அது ஏன் வந்தது என்று விளக்கியவரும் அவர்தான்.

நான் அக்காவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் சொன்னதைச் செய்துவிட்டோமே, அதுவே போதும் என்று இருந்துவிட்டேன். வீட்டில் எப்போதும்போல் பேசிக்கொண்டோம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அக்காவுக்கு மஞ்சள்காமாலை என்று மருத்துவமனைக்குப் போனோம். கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். ஏழு மாதங்கள் மருத்துவம் நடந்தது. ஒரு நாள் மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, "அன்னைக்கு அந்த மாதிரி பேசியிருக்கக் கூடாதுக்கா" என்றேன்.

அக்கா கண்ணைத் திறந்தார். எந்த நாள் என்று கேட்கவில்லை. "எங்கிட்ட தனியா சொல்லி என்னடா பிரயோஜனம்? அன்னைக்கு ஆறு குடும்பம் கேட்டுட்டு இருந்துச்சு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆட்ட விதியை எடுத்துச் சொல்வதுபோல் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் இருக்கும்போது அதை நான் செய்யவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் தள்ளிப்போட்டேன். அந்த ஆறு குடும்பங்களும் இன்று இங்கே இருக்கின்றன. அந்த மாலையில் அக்காவிடம் நான் அப்படிப் பேசியது தவறு. அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. இதை எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

அக்கா ஒரு காலை வேளையில், வீட்டில், என் மனைவியின் கையைப் பிடித்தபடி போய்ச் சேர்ந்தார். கடைசி இரண்டு நாள் பேச்சு இல்லை. வலி அதிகம் இல்லை என்று டாக்டர் சொன்னார். அதை நம்புகிறோம்.

அவரைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் எங்கள் நன்றி. வேறெதுவும் உள்ளே இறங்காத நாட்களில் ராகி கஞ்சி காய்ச்சிக் கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டு அம்மாவுக்கும், வாராவாரம் மருத்துவமனைக்கு அழைத்துப்போய், காத்திருந்து கூட்டிவந்த ஆட்டோக்காரருக்கும், தினமும் வந்து ஜெபித்த ஆயருக்கும், செல்வின், ஹெப்சி குடும்பத்துக்கும், செய்தி கேட்டு அன்றைய முதல் பாடவேளையில் பிள்ளைகளை எழுந்து நிற்கவைத்து மௌனம் அனுசரித்த அதிபருக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

இன்னும் ஆறு பேருக்கு நன்றி சொல்ல வேண்டும். அடக்கத்தன்று பெட்டியைத் தூக்க ஆண்கள் முன்வந்தபோது, அக்காவின் பழைய மாணவிகள் ஆறு பேர் முன்னால் வந்து நின்றார்கள். ஒருவர் வங்கியில் அதிகாரி, ஒருவர் ஹெப்பகோடியில் தொழிற்சாலைக்குப் போகிறவர். மற்றவர்களை எனக்குத் தெரியாது. எல்லாரும் ஒரு காலத்தில் அந்த விசிலுக்கு ஓடியவர்கள். "நாங்க தூக்கறோம் சார்" என்றார்கள்.

எங்கள் பெரியப்பா என்னைத் தனியே இழுத்து, "பொம்பளைங்க பெட்டி தூக்கறது நம்ம வழக்கம் இல்லப்பா. நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்றார்.

நான் அந்த ஆறு பேரின் முகத்தையும் பார்த்தேன். அக்காவுக்கு எது சரி என்று என்னைவிட அவர்களுக்குத் தெரிந்திருந்தது. "அவங்களே தூக்கட்டும் பெரியப்பா" என்றேன்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் பெட்டியைத் தோளில் ஏற்றியதும், முன்னால் நின்ற பெண், "லெஃப்ட்ல ஆரம்பிங்க. ஸ்டெப் மாறக் கூடாது. மிஸ் பாக்கறாங்க" என்றாள்.

குழிவரை ஸ்டெப் மாறவில்லை.