விழுப்புரம் லைனில் கேட்ட துடிப்பு

வாய்ப்பக்கம் மவுத்பீஸ் நீட்டிய அந்த ஹெட்போன் இன்னும் என் பீரோவில்தான் கிடக்கிறது. ஒயர் அறுந்து, காது மெத்தை உரிந்து, எதனோடும் சேராமல். கம்பெனியை மூடியபோது பழைய இரும்புக்காரனுக்குப் போட மனம் வராமல் எடுத்து வந்தேன். தூசி தட்டக் கையில் எடுப்பேனே தவிர, காதில் மட்டும் வைக்க மாட்டேன். எனக்குப் பயம்.

எண்பதுகளில் திண்டிவனத்தில், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையில் எண்ணெய் ஆட்டும் ஓர் ஆலையில் நான் டெலிபோன் ஆபரேட்டர். விழுப்புரத்தில் இருந்த எங்கள் ஆபீஸுக்கு நேர் லைன் உண்டு. அந்த முனையில் இருந்த ஆபரேட்டரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். முகத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனால் மூச்சை வைத்தே அவள் சாப்பிட்டாளா இல்லையா என்று சொல்லிவிடுவேன். அவள் மாசமாக இருந்தது கம்பெனியிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். வயிறு தெரிந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று முந்தானையை இழுத்துச் சுற்றிக்கொண்டு வருவாள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு போன் வராத நேரத்தில், "கேளுடி" என்று மவுத்பீஸை வயிற்றில் வைப்பாள். இரைச்சலுக்கு அடியில் டுக், டுக், டுக்கென்று வேகமாக ஒரு சத்தம். "கேக்குதா?" "கேக்குதுக்கா." இருவரும் சிரிப்போம்.

எட்டாம் மாதத்தில் டெலிபோன் போர்டுக்கு முன்னாலேயே வலி கண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். குழந்தை செத்தே பிறந்தது. உடம்பு தேறுவதற்குள் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டாள். அப்புறம்தான் ஒரு யூனியன்காரர் சொல்லி அவளுக்குத் தெரிந்தது, பிரசவத்துக்குச் சம்பளத்தோடு லீவு சட்டத்திலேயே இருக்கிறதென்று. "ஒளிச்சி வெச்சிக்கினு கெடந்தேனேடி. கேட்டிருந்தா குடுத்துதான் ஆவணுமாம்" என்றாள். அழக்கூட இல்லை. எனக்குத்தான் வயிறு எரிந்தது.

அடுத்த வருஷம் நான் உண்டானேன். லைனை எடுத்ததும் அக்காவின் முதல் பேச்சு, "லீவு கேட்டியா?" என்பதுதான். நாளைக்குக் கேட்கிறேன் என்பேன். மேனேஜர் அறை வாசல்வரை போவேன், கதவைத் தட்டாமல் திரும்பிவிடுவேன். நானும் முந்தானையை இழுத்துச் சுற்ற ஆரம்பித்திருந்தேன்.

ஒரு மத்தியானம் அக்கா லீவைப் பற்றிக் கேட்கவில்லை. வெறும் இரைச்சல். அதற்கு அடியில், டுக், டுக், டுக். அதே வேகம்.

"என்னக்கா அது?"

"புள்ள இல்லாத வயித்துலதான் மவுத்பீஸ வெச்சிக்கினு இருக்கேன். எனக்கு ஒண்ணும் கேக்கல. உனக்குக் கேக்குதா, சொல்லுடி."

கேட்டது. ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். கழற்றிய பிறகும் கேட்டது. எழுந்து மேனேஜர் அறைக்குள் நுழைந்து, லீவு வேண்டும், சம்பளத்தோடு வேண்டும், சட்டம் இருக்கிறது என்று ஒரே மூச்சில் சொன்னேன். "இதென்னம்மா பேஜாரு" என்று முனகிக்கொண்டேதான் கொடுத்தார். மகள் பிறந்தாள். நான் வேலைக்குத் திரும்பியபோது விழுப்புரத்து முனையில் வேறொரு பெண்ணின் குரல். "அந்தக்கா வேலைய வுட்டுட்டு காணை கிராமத்துப் பக்கம் போய்ட்டாங்க" என்றது. முகம் தெரியாதவளை எங்கே போய்த் தேடுவது?

போன மாதம் அந்த மகள் ஏழாம் மாத வயிற்றோடு வந்தாள். பீரோவைக் குடைந்தவள், நான் தடுப்பதற்குள் ஹெட்போனைத் தலையில் மாட்டிக்கொண்டாள். சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நின்றாள்.

"அம்மா, உள்ள ஏதோ டுக்கு டுக்குன்னு கேக்குது."

"உன் ரத்த ஓட்டமா இருக்கும்" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "லீவு போட்டுட்டியாடி?"

"ஆறு மாசம் போட்டாச்சு. இப்பப் போயி ஏம்மா கேக்கற?"

அறுந்த ஒயர் அவள் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் குனிந்து, மவுத்பீஸருகே வாய் வைத்துச் சொன்னேன்.

"லீவு போட்டுட்டா, அக்கா."