புளி போட்டுத் துலக்கிய நிழல் கடிகாரம்

மாமா அதைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தபோது உடைந்த தராசுத் தட்டு என்றுதான் நினைத்தேன். தொண்ணூற்றாறோ ஏழோ, நான் ஆறாம் வகுப்பு. மேகமலையில் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவை இடித்தபோது கழித்துப் போட்ட சாமான்களோடு அவர் விலைக்கு வாங்கியது. பித்தளைத் தட்டு, விளிம்பைச் சுற்றி எண்கள், நடுவில் படுத்தாற்போல ஒரு முக்கோணத் தகடு, எல்லாவற்றின் மேலும் பச்சையும் கறுப்புமாகக் களிம்பு. வடக்குப் பார்த்து வாசலில் வைத்தோம். தகட்டின் நிழல் அப்பாவின் கைக்கடிகாரத்தோடு கொஞ்சம் முன்பின்னாக ஒத்துப்போனது.

மாமா, அம்மாவின் தம்பி. அம்மாவுக்கு ஓர் அண்ணனும் இருந்தார். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டியவர். கம்பம்மெட்டு மலைச்சாலை வளைவு ஒன்றில் ஜீப்போடு உருண்டு போய்விட்டார். அதன்பிறகு மாமா எங்கள் திராட்சைப் பந்தலில் வேலை பார்த்தாலும் மனசெல்லாம் மலைப்பாதையில்தான். கடிகாரம் நல்ல விலைக்குப் போனால் சொந்த ஜீப், அதே மெட்டில் ஓட்ட.

கொச்சியிலிருந்து பழம்பொருள் வியாபாரி வந்தார். தகட்டின் சரிவைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. சீமைக்கென்று செய்ததில் தகடு நன்றாக நிமிர்ந்திருக்குமாம். அலங்காரத்துக்கு வார்க்கிற போலிகளும் அதைப் பார்த்தே வார்ப்பவையாம். இது நம் பக்கத்து வெயிலுக்கு அளவெடுத்துச் செய்தது என்றார்.

“பட்சே சேட்டா, ஒரு காரியம்,” என்றார் அப்பாவிடம். “இந்தக் களிம்பைத் தொடக்கூடாது. எண்ணுக்குள்ள இருக்கிற அழுக்குதான் இதோட வயசு. ஞாயிறாழ்ச்ச என் பார்ட்னர் லென்ஸ் வச்சு நோக்கும். அது போனா, நேத்து செஞ்சதுன்னு ஆராவது சொன்னாலும் மறுக்கான் பற்றில்லா, மறுக்க முடியாது.”

அம்மா காபி டம்ளர்களை வைத்துவிட்டு அங்கேயே நின்றிருந்தாள்.

சனிக்கிழமை மதியம் நான் விளையாடிவிட்டு வந்தபோது அம்மா குழாயடியில் உட்கார்ந்து அதைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தாம்பாளம்போல மின்னியது. “நாளைக்குப் பெரிய மனுசக வாராகல்ல. இப்பிடியா அழுக்கா காமிப்பாக?” என்றாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் வந்த பார்ட்னர் லென்ஸை எடுத்தார், ஒருமுறை குனிந்தார், மூடிவிட்டார். பழசாகவும் இருக்கலாம், போன மாதம் பட்டறையில் செய்ததாகவும் இருக்கலாம், இனி யாராலும் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

“பித்தளையக் கண்டா புளியத் தேடுற குடும்பத்துல பொண்ணெடுத்தேன் பாரு,” என்றார் அப்பா.

மாமா தட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏக்கா, அம்புட்டுத் தெளிவாச் சொன்னாகளே. நீ அங்கனதான நின்ன?”

“எனக்கு என்னலே தெரியும். அவுக மலையாளத்துலல்ல பேசுனாக.”

சந்தையில் குமுளிக்காரர்களிடம் மலையாளத்திலேயே பேரம் பேசி வாயடைக்கிறவள் அம்மா. அதை அன்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. மாமா பல மாதம் அவளோடு பேசவில்லை. ஜீப் வாங்கவுமில்லை. இன்று நரைத்த தலையோடு ஒவ்வொரு விசேஷ வீட்டிலும் அக்காவின் விவரமில்லாத்தனத்தைச் சொல்லிச் சிரிக்க வைக்கிறார். அம்மா அவர் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைப்பாள்.

போன வாரம் என் மகன் பைக்கோடு விழுந்துவிட்டான் என்று போன் வந்தது. கையில் கட்டோடு தப்பித்துவிட்டான். எனக்கு இன்னும் பயம் போகவில்லை. அவனோ அதைவிடப் பெரிய வண்டியைப் போனில் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் குழாயடியைத்தான் நினைக்கிறேன்.

அன்று அம்மாவின் அருகிலேயே எங்கள் பித்தளைக் குடம் கறுத்துக் கிடந்தது. அதையும் சேர்த்துத் தேய்த்துவிடலாமே என்று கேட்டேன்.

“அதுக்கென்ன இப்ப அவசரம்,” என்றாள் அம்மா, விளக்குமாற்றுக் குச்சியை அடுத்த எண்ணின் பள்ளத்துக்குள் விட்டு அழுத்தி நோண்டியபடி.