சுகாசினி உட்கார்ந்த மணை

திருப்புட்குழியில் பிறந்து தாமலுக்கு வாழ்க்கைப்பட்ட சுகாசினியை அந்த ஊரில் பாதிப்பேர் "மிலிட்டரிக்காரர் பொண்டாட்டி" என்றுதான் சொல்வார்கள். பெயர் தெரியாமல் இல்லை. அப்படிச் சொன்னால் போதும் என்கிற எண்ணம். கணவன் சத்யராஜ் லடாக்கில் பணியில் இருந்தான். ஆண்டுக்கு ஒருமுறை விடுப்பில் வந்தால் டீக்கடையில் அவனை நடுவில் உட்கார வைத்து எல்லைக் கதை கேட்பார்கள். அவன் இல்லாத மாதங்களில் அவன் வீட்டில் நடப்பதை யாரும் கதையாகக் கேட்டதில்லை.

தினமும் காலையில் பேருந்து பிடித்து, காஞ்சிபுரம் காந்தி ரோட்டுப் பட்டுக்கடை ஒன்றுக்கு அவள் வேலைக்குப் போவாள். கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்களின் முன்னே நாள் முழுக்க நின்றபடி, முந்தானையைத் தன் தோளில் போட்டுக் காட்ட வேண்டும். வீடு திரும்பினால் மருமகள் செய்ய வேண்டியதோடு மகன் செய்ய வேண்டியதும் காத்திருக்கும். மாமனார் பரசுராமனுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டவள் அவள். ஏரி நிரம்பித் தெருவுக்குள் தண்ணீர் புகுந்த மழைக்காலத்தில், இடுப்பளவு நீரில் அவரைத் தோளில் சாய்த்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தவளும் அவளே.

மணமாகி ஏழாண்டு ஆகியும் அவளுக்குக் குழந்தை இல்லை. சென்னையில் பார்த்த டாக்டர், இருவரும் வர வேண்டிய சிகிச்சைக்கு இருமுறை தேதி குறித்துக் கொடுத்தார். இருமுறையும் சத்யராஜின் விடுப்பு ரத்தானது. இதை அவள் வெளியில் சொன்னதில்லை. சொன்னால், அவன் தலைநிமிர்ந்து செய்கிற வேலையைக் குறை கூறுவதாகிவிடும் என்று நினைத்தாள்.

நாத்தனார் பிரவீனாவின் மகள் தன்ஷிகாவுக்குக் காது குத்துவதும் அந்த விடுப்பையே நம்பித் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. ஒற்றைப்படை வயதில் குத்த வேண்டும். குழந்தை தாய்மாமன் மடியில் இருக்க வேண்டும். முதல் வயதில் குறித்த நாளுக்கு மாமன் வரவில்லை, மூன்றாம் வயதிலும் வரவில்லை. ஐந்தாம் வயது முடிவதற்குள் நாள் குறித்தார்கள். பந்தல் போட்ட பிறகு போன் வந்தது.

"லீவு போச்சு சுகா. நம்ம ராமராஜன உக்கார வெச்சிடு. சித்தப்பா மவன், அவனும் மாமன்தானே," என்றான் சத்யராஜ். சுகாசினி போனை வைத்துவிட்டுச் சீர்த்தட்டுகளை அடுக்கப் போனாள்.

மறுநாள் காலை, ஏரிக்கரை அம்மன் கோவிலுக்கு மேளத்தோடு சீர்த்தட்டுகள் போயின. தோடு வைத்த தட்டை முன்னால் தூக்கிப்போனவள் சுகாசினி. மாமன் வீட்டுச் சீர் முழுவதையும் சேர்த்தவளும் அவள்தான். ஆசாரி ஊசியைத் துடைத்துவைத்துக் காத்திருந்தார். ஐயம்பேட்டையில் ஷேர் ஆட்டோ ஓட்டும் ராமராஜன், பழக்கமில்லாத பட்டு வேட்டியை இரு கைகளாலும் பிடித்தபடி மணையை நோக்கி வந்தான். அவன் உட்காருவதற்குள் தட்டைக் கீழே வைத்துவிட்டு சுகாசினி மணையில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, அது நான் உக்கார்ற மணை," என்று சிரித்தான் அவன்.

"தெரியும் தம்பி. நீ நில்லு. அந்த வேட்டியப் புடிச்சிக்கினு நிக்கவே உனக்கு வேலை சரியா இருக்குது."

சிலர் சிரித்தார்கள். அவள் எழுந்திருக்கப் போவதில்லை என்று புரிந்ததும் சிரிப்பு நின்றது.

"இன்னாம்மா இது? மாமன் உக்கார்ற எடம். எழுந்திரு," என்றார் பரசுராமன்.

"மாமன் வரல மாமா. ஆஸ்பத்திரில மகன் எங்கன்னு கேட்டாங்க. நான்தான்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அன்னிக்கு நீங்க எழுந்திருன்னு சொல்லல."

"அது வேற. இது சாங்கியம்."

அவருடைய அக்காள் கங்கையம்மாள் முன்னால் வந்தாள். "புள்ள பெறாத மடிமா இது. இதுல வெச்சா கொழந்தைக்குக் காது குத்துவாங்க? நாலு பேரு இன்னா பேசுவாங்க?"

மேளக்காரர்கள்கூட வேறு பக்கம் பார்த்தார்கள். சுகாசினி புடவை மடிப்பை நீவிவிட்டுக்கொண்டாள். குரல் உயரவில்லை.

"ஆமா அத்தை, காலியாத்தான் இருக்குது. அவரு அங்க நிக்கறதாலதான் இங்க காலியா இருக்குது. நாட்டுக்காக நிக்கறாருன்னு டீக்கடைல பெருமை பேசறீங்களே, அதுக்கு வீட்டுல யாரு வெல குடுத்துக்கினு இருக்காங்கன்னு என்னிக்காவது கேட்டீங்களா? எடம் இருக்குது. கொண்டாங்க புள்ளைய."

பரசுராமன் மகளைப் பார்த்தார். "நீயே சொல்லும்மா. உன் பொண்ணு."

பிரவீனா குழந்தையை இடுப்பில் வைத்தபடி அசையாமல் நின்றாள். அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டால், இத்தனை உறவுக்கு முன்னால் மணையைவிட்டு எழ வேண்டும் என்பது சுகாசினிக்குத் தெரியும். அப்படி இன்று எழுந்தால், இனி எந்தச் சபையிலும் தானாக உட்கார முடியாது என்பதும் தெரியும். முதுகை வளைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

ராமராஜன்தான் வாயைத் திறந்தான். "ஆள ஏத்தி எறக்குறதே என் பொழப்பு. அண்ணி ஏறி உக்காந்தா எறக்க நம்மால ஆவாதுபா." சொல்லிவிட்டு வேட்டியைப் பிடித்தபடியே பந்தல் ஓரத்துக்குப் போய்விட்டான்.

பிரவீனா யார் முகத்தையும் பார்க்காமல் வந்து, குழந்தையை அண்ணியின் மடியில் இறக்கினாள். "கெட்டியா புடிச்சிக்கோங்க அண்ணி. கடிப்பா."

கடிக்கத்தான் செய்தாள். முதல் காதில் ஊசி இறங்கியதும் தன்ஷிகா வீறிட்டு, சுகாசினியின் மணிக்கட்டில் பற்களைப் பதித்தாள். இரண்டாவது காதும் முடிந்து தோடு ஏறும்வரை சுகாசினி தன் பிடியைத் தளர்த்தவில்லை.

படம் எடுக்க வந்த இளைஞன் அருகில் குனிந்தான். "அக்கா, பாப்பாவத் தனியா எடுத்துடறேன். சார் போட்டோ ஒண்ணு அனுப்புங்க. கம்ப்யூட்டர்ல அவரு மடில பாப்பா இருக்கற மாதிரி ஒட்டிக் குடுத்துடறேன். யாருக்கும் தெரியாது."

பரசுராமனின் முகத்தில் ஓர் ஆசை வந்து நின்றதை அவள் கண்டாள். சத்யராஜ் அவருக்கு மகன்தானே. ஆனாலும் அவள் இடம் கொடுக்கவில்லை.

"ஒட்டாதீங்க தம்பி. அவரு வரல. வர முடியல. அது படத்துலயும் தெரியட்டும். உக்காந்தது நான். என்னையே எடுங்க."

இளைஞன் பெரியவரைத் திரும்பிப் பார்த்தான். பரசுராமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மருமகளின் மணைக்குப் பின்னால் வந்து நின்றார்.

"எடுப்பா," என்றார்.

அந்தப் படம் இன்று கூடத்தில் மாட்டியிருக்கிறது. குழந்தை வாய் பிளந்து அழுகிறது. ராமராஜன் ஓரத்தில் வேட்டியோடு மல்லாடுகிறான். சுகாசினி சிரிக்காமல் நேராகப் பார்க்கிறாள். கங்கையம்மாள் படத்தில் இல்லை. அவள் வரமாட்டேன் என்று விலகி நின்றாள். சுகாசினி கூப்பிடவும் இல்லை.